ஆயக்குடிக் காவல்காரன் கையில் என்ன?

பழனியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் ஆயக்குடியைக் கடப்பவர்கள் கொய்யாக் கூடைகளைப் பார்க்காமல் போக முடியாது. வாங்கித் தின்கிறோம், இனிக்கிறது என்கிறோம். அந்தப் பழம் எத்தகைய இரவைக் கடந்து சந்தைக்கு வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஊருக்குத் தெற்கே பழனி மலைத்தொடர். வரதமாநதி அணைப் பக்கமும் சட்டப்பாறைப் பக்கமும் கொய்யாத் தோப்பும் மாந்தோப்பும் காட்டை முட்டிக்கொண்டு நிற்கின்றன. இருட்டியதும் காட்டுப்பன்றி இறங்குகிறது. பழம் மணக்கும் காலத்தில் யானையும் இறங்குகிறது. அந்த இருட்டில், தோப்புக்குள், ஒரு மனிதன் படுத்திருக்கிறான். சில தோப்புகளில் அவன் சொந்தக்காரன். பல தோப்புகளில் அவன் காவல் கூலி. கையில் ஒரு தடி, ஒரு டார்ச், தட்டுவதற்கு ஒரு தகர டப்பா. 2022–23ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் யானை தாக்கி மாண்டோர் தொகை 600ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் இத்தகைய மனிதர்களே அன்றி, மாளிகையில் உறங்கியவர்கள் அல்ல.

ஆகவேதான் "எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடு" என்ற குரல் மலையடிவாரத்தில் எழுகிறது. பட்டணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நாம் சிரிக்கமாட்டோம். ஆனால் எந்தத் துப்பாக்கி, யார் கையில், எந்த மிருகத்தின் எதிரே என்று கேட்காமல் வெறுமனே ஆமாம் போடவும் மாட்டோம்.

இந்தப் பகுதி மக்களிடமிருந்து ஆயுதம் எப்படிப் போயிற்று என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். ஆயக்குடிக்குச் சற்றுத் தொலைவில்தான் விருப்பாட்சி இருக்கிறது. அங்கிருந்து வெள்ளையனை எதிர்த்த கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர் போர் அடக்கப்பட்ட கையோடு, அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு பிரகடனம் செய்தார். 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்து நாடு முழுவதையும் அவ்வாறே ஆக்கினார். அதே ஆண்டில்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டத்தையும் அவர் கொண்டுவந்தார் என்பதைப் பத்திரிகைக்காரர்களாகிய நாம் மறப்பதற்கில்லை. 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. சுதந்திரம் வந்தபின் அந்தத் தீர்மானம் பீரோவுக்குள் போயிற்று. அரசியல் சட்டத்தின் உரிமைப் பட்டியலில் அது ஏறவில்லை. அதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கா படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், குறைகள் பல இருந்தும், விவசாயியை முற்றிலும் மறந்துவிடவில்லை. அதை எடுத்துச் சொல்பவர்தான் இல்லை.

அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையாகவே பயிர்க்காவலுக்கென்று கேட்பவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள தோட்டாத் துப்பாக்கிக்கும் வழங்கலாம். 14ஆவது பிரிவு மறுப்பதற்கான காரணங்களைச் சொல்கிறது. அதே பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது! மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் தோப்பில் படுக்கும் கூலிக்காரன் ஒருவன் மனுப் போட்டான், பெற்றான் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. லைசென்ஸ் தோப்புக்காரர் பெயரில் இருக்கும். துப்பாக்கி தோப்புக்காரர் வீட்டுப் பரணில் இருக்கும். லைசென்ஸில் பெயர் சேராத கூலிக்காரன் அதைத் தனியே தூக்கிக்கொண்டு காவலுக்குப் போனால் குற்றம். அதாவது ஆபத்து ஒருவனுக்கு, ஆயுதம் இன்னொருவருக்கு!

சரி, அந்தத் துப்பாக்கியாவது எப்படிப்பட்டது? மருந்தையும் ரவையையும் குழல் வாய்வழியே போட்டுக் கெட்டித்துச் சுட வேண்டும். ஒரு முறை சுட்டால், மறுபடியும் கெட்டிக்க வேண்டும். மழையில் மருந்து நமத்துவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். பன்றிக்கூட்டத்தை ஒரு சத்தத்தில் கலைக்க உதவும் என்பது உண்மை. எதிரே நிற்பது யானை என்றால்? ரவை பட்ட யானை சாகாது. புண்பட்டு, வெறிகொண்டு, மறுநாள் வேறொரு தோப்பில் வேறொரு ஏழையின் மேல் பாயும். தோட்டாத் துப்பாக்கியிலும் ரவை போட்டுச் சுட்டால் கதை அதுதான். யானை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. உயிர் காக்க நல்லெண்ணத்துடன் செய்தது குற்றமாகாது என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் கோர்ட்டில் மெய்ப்பிக்க எத்தனை ஆண்டு நடக்க வேண்டும் என்பதைப் பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வாய்தாவுக்கு அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேர்தல் வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 பாராளுமன்றத் தேர்தல் மார்ச் 16இல் அறிவிக்கப்பட்டது. ஜூன் 4இல் ஓட்டு எண்ணினார்கள். மாமரம் காய்த்துப் பழுக்கும் காலம் முழுவதும் நன்னடத்தை விதி அமலில் இருந்தது. யானைக்கு அந்த விதி பொருந்தாது போலும்!

பன்றிக்கு வருவோம். கொய்யாத் தோப்பைவிடக் கடலைக்காரனையும் மக்காச்சோளக்காரனையும் கிழங்கு போட்டவனையும் அதிகமாக அழவைப்பது பன்றிதான். 2025 ஜனவரியில் மாநில சர்க்கார் ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டை ஒட்டிய நிலத்துக்காரனுக்கு இதில் என்ன கிடைத்தது? அவன் நிலம் முதல் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே இந்த அதிகாரத்தைக் கொடுத்து, லைசென்ஸ் உள்ள சுடுநர்களைப் பட்டியல் போட்டு அழைக்கச் செய்தார்கள். அது குறையில்லாத ஏற்பாடு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் பன்றி நுழைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அங்கே கிராமத்தானுக்குத் தெரியும்.

வழி தெரியாதவன் குறுக்கு வழிக்குப் போகிறான். இங்கேதான் நமது தோழர்களிடம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. சிறை ஒருபுறம் இருக்கட்டும்; பன்றி என்று எண்ணி, பக்கத்துத் தோப்புக்காரனைச் சுட்ட செய்திகளை நாமே எத்தனை முறை அச்சிட்டிருக்கிறோம்! பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் அதைவிடக் கொடியது. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும், மாடு கடிக்கும். 2020 மே மாதம் கேரளத்தில் வாய் சிதைந்த சினை யானை ஒன்று ஆற்று நீரில் நின்றபடியே செத்ததை உலகமே கண்டது. இலங்கையில் இதே சாமானுக்கு 'ஹக்க பட்டாஸ்' என்று பெயர். அந்தச் சிறிய தீவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 400 யானைகளுக்கு மேல் மாண்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அங்கே மனிதர்கள் சாவது குறைந்ததா? இல்லை.

மின்கம்பியிலிருந்து நேராக வேலிக்குக் கொக்கி போடுவது மூன்றாவது குறுக்கு வழி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று பெண் யானைகள் விழுந்து மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றி நின்றன. விவசாயி கைதானார். யானை சாகாத இரவுகளில் அதே கம்பியில் கூலிக்காரன் சாகிறான். தண்ணீர் பாய்ச்சப் போன பெண் சாகிறாள். சூரிய ஒளி வேலி வேறு. அதில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக, நொடியின் மிகச் சிறு பகுதி மட்டும் பாயும், அடிக்கும், கொல்லாது. அதற்கும் 2023இல் மாநில சர்க்கார் பதிவு விதிகள் போட்டிருக்கிறது. ஆனால் வேலி போட்டதோடு வேலை முடியவில்லை. கம்பியில் புல்லும் கொடியும் பட்டால் வேகம் தரையில் இறங்கிவிடும். பராமரிக்க ஆள் வேண்டும், பேட்டரி வேண்டும். மானியத்தில் போட்ட வேலி கொடி படர்ந்து கிடந்தால் அந்த மானியம் யானைக்கு வழிவிட்ட மானியம்.

அப்படியானால் காவல்காரன் கையில் என்னதான் இருக்க வேண்டும்? துப்பாக்கிக்கு முன்னால் வேண்டியவற்றைச் சொல்கிறோம். தலையில் கட்டும் விளக்கு ஒன்று, தூரம் பாயும் டார்ச் ஒன்று. யானை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வெளிச்சம். அதன் கண்ணில் அடித்துச் சீண்டுவதற்கு அல்ல. கழுத்தில் ஒரு விசில். சார்ஜ் ஏறிய செல்போன். அதில் வனத்துறையின் நம்பரும் பக்கத்துத் தோப்புக்காரர்களின் நம்பரும். தரையில் படுக்காமல் இருக்க, உறுதியான பரண். பகலிலேயே பார்த்து வைத்த ஓடுவழி, ஏனெனில் யானையை ஓடி வெல்ல மனிதக் காலால் முடியாது. இவை அனைத்துக்கும் மேலாக இரண்டாவது ஆள். தனியாக ஒருவனைக் காவலுக்குப் போடுகிற தோப்புக்காரர் கூலியை மிச்சம் பிடிக்கிறார். அந்த மிச்சத்தின் விலை என்ன என்பது அவருக்கே தெரியும். குடித்துவிட்டுக் காவலுக்குப் போகும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: குளிருக்கு என்று சொல்கிறீர்கள், யானை உங்கள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் கண் திறக்கும்.

இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு தோட்டாத் துப்பாக்கியின் விலை வராது. ஆனால் இவற்றைக் கூலிக்காரன் தன் சம்பளத்தில் வாங்க வேண்டும் என்று சொன்னால் அது அநியாயம். தோப்புக்காரர் ஒரு பங்கு, பேரூராட்சி ஒரு பங்கு, வனத்துறை ஒரு பங்கு என்று போடட்டும்.

யானை வருவது முன்கூட்டித் தெரிந்தால் பாதி ஆபத்து தீரும். இது கற்பனை அல்ல. வால்பாறைத் தோட்டங்களில் 2011 முதல் யானை நிற்கும் இடத்தைச் செல்போனில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு எரியவைத்து, அந்தப் பக்கம் போகாதே என்று தொழிலாளிக்குக் காட்டுகிறார்கள். உயிரிழப்பு குறைந்தது. மதுக்கரையில் ரயில் பாதையில் யானை அடிபடாமலிருக்க 2024இல் வெப்பம் உணரும் காமிராக்களோடு கோபுரங்கள் வைத்தார்கள். ரயிலுக்கும் யானைக்கும் செய்தது நல்ல காரியம்தான், நாம் பாராட்டுகிறோம். ஆயக்குடி அடிவாரத்தில் நடந்து போகிற மனிதனுக்கு ஒரு சிவப்பு விளக்காவது வேண்டாமா?

லைசென்ஸ் மனுக்களைக் கிடப்பில் போடாமல், சட்டம் சொல்லும் முறையில் முடிவு சொல்லட்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் தரட்டும். காவல் கூலியும் மனுப் போடலாம் என்பதைத் தாலுகா ஆபீஸ் பலகையில் எழுதி வைக்கட்டும். தேர்தல் நேரத்தில் பயிர்க்காவல் துப்பாக்கிகளைத் தனியே பரிசீலிக்கட்டும். பன்றி ஆணையின் முதல் இரண்டு வட்டங்களில் உள்ளவர்களுக்கு, பிடிக்கும் கூண்டும் ஆட்களும் எங்கே என்று வனத்துறை பதில் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு செய்தி. வனவிலங்கால் ஏற்படும் பயிர்ச் சேதத்தைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பதாக மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீப் பருவத்திலிருந்து அமல் என்றது. எந்த மிருகம், எந்த மாவட்டம் என்று பட்டியல் கொடுக்க வேண்டியது மாநில சர்க்கார். திண்டுக்கல் மாவட்டம் அந்தப் பட்டியலில் விடுபடக் கூடாது. கொய்யாவுக்கும் மாவுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும் என்று நாம் கேட்கிறோம். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை. ஆகவே ஆயக்குடித் தோழர்கள் இப்போதிருந்தே ஒரு பழக்கம் செய்துகொள்ள வேண்டும்: விடிந்ததும் ஒடிந்த கிளையை வெட்டி ஒதுக்குவதற்கு முன்னால், மரத்தையும் கால்தடத்தையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் இல்லாத காவல்காரருக்குப் பக்கத்துத் தோப்புக்காரர் எடுத்துக் கொடுக்கட்டும்.