25 வயசு வாஷிங் மெஷினை காயலான் கடையில் போடலாமா? சேதராப்பட்டிலிருந்து ஒரு கணக்கு

சேதராப்பட்டில் எங்கள் சித்தி வீட்டுப் பின்கட்டில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் இருக்கிறது. 1999ல் சித்தி கல்யாணத்துக்கு சீராக வந்தது. போன மாசம் திடீர்னு ஸ்பின் சுத்தலை. "ம்ம்ம்"னு சத்தம் மட்டும் வருது, டப் நகர மாட்டேங்குது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டோம். "அந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல சார், எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புதுசு எடுத்துக்குங்க" என்று அஞ்சே நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். சித்திக்கு மனசு வரலை. மயிலம் ரோட்டில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை வரச் சொன்னார். அவர் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, பிரேக்கை விடுவித்து, டப்பைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுலபமாகச் சுற்றியது. அப்படின்னா பேரிங் இறுகலை, பிரேக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கலை, மோட்டாருக்குத் தள்ளிவிடுற சக்திதான் இல்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றி கன்டென்சரை மாற்றினார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

அதே வாரம் சென்னையில் நாங்கள் மூணு பேர் சேர்ந்து இருக்கும் ஃபிளாட்டில், ஆறு வருஷம்கூட ஆகாத ஃபிரன்ட் லோடு மெஷின் நின்றுபோனது. "போர்டு போயிடுச்சு." மாற்றுவதற்குச் சொன்ன தொகை, புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

25 வருஷத்துக்கு மேல் ஓடினதுக்குச் சில நூறு. ஆறு வருஷம் ஓடாததுக்குப் பல ஆயிரம். இது எங்கள் வீட்டு ராசியா, இல்லை எல்லா வீட்டுக் கதையுமா?

பழசு ஏன் இன்னும் ஓடுது?

"அந்தக் காலத்துப் பொருள் எல்லாம் உறுதி" என்பது பாதி உண்மைதான். உறுதியில்லாத மெஷின்கள் அப்போதே காயலான் கடைக்குப் போய்விட்டன. இன்று நம் கண்ணில் படுவது மிஞ்சினவை மட்டும்தான். அதனால் எல்லாமே நன்றாக இருந்ததாகத் தோன்றுகிறது.

மீதிப் பாதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டு மோட்டார், இரண்டு கன்டென்சர், சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி ஓடும் இரண்டு டைமர், ஒரு பெல்ட், ஒரு பிரேக் வயர், ஒரு டிரெயின் வால்வ், சில ஆயில் சீல். ஏறக்குறைய அவ்வளவுதான். எது கெட்டாலும் தனித்தனியாகக் கழற்றலாம். மோட்டார் எரிந்தால் வைண்டிங் கட்டலாம். கிராமத்தில் பம்ப்செட்டுக்குக் காயில் கட்டுகிறவரே இதற்கும் கட்டிக் கொடுப்பார். கன்டென்சருக்கு கம்பெனி பெயர் தேவையில்லை, மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டேஜும் பொருந்தினால் போதும்.

இன்றைய ஃபுல் ஆட்டோமேட்டிக்கில் இந்த முடிவுகளை எல்லாம் ஒரு சர்க்யூட் போர்டு எடுக்கிறது. ஈரம் புகாமல் இருக்க அந்த போர்டின் மேல் பசை மாதிரி ஒரு பூச்சு ஊற்றி மூடியிருப்பார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் உள்ளே சின்ன ரிலே ஒன்று கெட்டால்கூட அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துச் சரிசெய்ய எல்லா மெக்கானிக்கும் தயாராக இல்லை. முழு போர்டையும் மாற்று என்பார்கள். அதோடு பல ஃபிரன்ட் லோடு மாடல்களில் வெளி டப்பின் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் தேய்ந்தால், பேரிங்கை மட்டும் மாற்ற முடியாமல் டப்பையே மாற்ற வேண்டிவரும். ஸ்குரூ போட்ட மாடலில் அதே வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

நம்ம ஊர் போர் தண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரன்ட் லோடில் டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதைப் பின்னால் தாங்கும் மூன்று கால் தாங்கி (மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள்) பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரண்டு வேறு உலோகம் உப்பும் சோப்பும் கலந்த தண்ணியில் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் அரிக்கும். ஒருநாள் ஸ்பின்னில் "தட தட"ன்னு சத்தம் வரும்போதுதான் நமக்குத் தெரியும்.

புதுச்சேரிக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன உறவு?

சேதராப்பட்டு என்றால் பலருக்கும் பிப்டிக் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். வாஷிங் மெஷின் கதை நடந்தது அங்கே இல்லை, அதே புதுச்சேரி கிராமப்புறத்தில், விழுப்புரம் சாலையில் இருக்கும் திருபுவனையில். 80களின் கடைசியில் அமெரிக்காவின் வேர்ல்பூல், டிவிஎஸ் குழுமத்தோடு கூட்டு சேர்ந்து இந்தியாவுக்குள் வந்தது. ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் தயாரிக்க அந்தக் கூட்டு நிறுவனம் தேர்ந்தெடுத்த இடம் புதுச்சேரி. 1995ல் கெல்வினேட்டர் ஆஃப் இந்தியாவை வாங்கி, அடுத்த வருஷம் எல்லாவற்றையும் இணைத்து வேர்ல்பூல் ஆஃப் இந்தியா ஆனது. திருபுவனை ஆலையில் இன்றும் வாஷிங் மெஷின்தான் தயாராகிறது.

"டிவிஎஸ் வேர்ல்பூல்" என்று இரண்டு பெயரும் ஒட்டிய மெஷின் எங்காவது கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தக் கூட்டணி இருந்த சில வருஷங்களில் மட்டும் வந்தது அது. பழைய புல்லட்டுக்கும் அம்பாசிடருக்கும் ரசிகர் கூட்டம் உண்டு, ஊர்வலம் உண்டு. நம்ம மண்ணில் தயாரான இந்தப் பெட்டிக்கு காயலான் கடைத் தராசுதான். பெண்களின் வேலையோடு சேர்ந்த பொருள் என்பதால் இந்த அலட்சியமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அரசியல் மட்டும் இதை அலட்சியப்படுத்தவில்லை என்பதையும் சொல்லணும். 2021 தமிழ்நாடு தேர்தலில் அதிமுக வீட்டுக்கு ஒரு இலவச வாஷிங் மெஷின் தருவதாக வாக்குறுதி கொடுத்தது நினைவிருக்கலாம். ஆட்சிக்கு வரவில்லை, அதனால் மெஷினும் வரவில்லை.

சேகரிப்பவர்கள் உண்மையில் யார்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற சின்ன ஊர். அங்கே லீ மேக்ஸ்வெல் என்ற எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பேராசிரியர் 80களில் பழைய வாஷிங் மெஷின்களை வாங்க ஆரம்பித்தார். சேர்ந்தது ஆயிரத்துக்கும் மேல். கையால் சுற்றுவது, பெட்ரோல் இன்ஜினில் ஓடுவது, முதல் தலைமுறை மின்சார மெஷின் என்று ஒவ்வொன்றையும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து தனி அருங்காட்சியகமே வைத்தார்.

நம்ம பக்கம் சேகரிப்பு வேற மாதிரி. மெக்கானிக் கடையின் பின்னால் தகரக் கொட்டகையில் ஏழெட்டு மெஷின் அடுக்கியிருக்கும். அழகுக்கு இல்லை. ஒன்றில் டைமர் நல்லா இருக்கும், இன்னொன்றில் மோட்டார். கம்பெனி கைவிட்ட மாடல்களுக்கு அந்தக் கொட்டகைதான் ஸ்பேர் கோடவுன். 90களில் வீடு வீடாக இருந்த வீடியோகான் மெஷின்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோகான் இண்டஸ்ட்ரீஸ் 2018ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. கம்பெனியே தள்ளாடும்போது அதன் பழைய மாடலுக்குப் பாகம் எங்கிருந்து வரும்? உடைந்த இன்னொரு வீடியோகானிலிருந்துதான்.

சட்டம் என்ன சொல்லுது?

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "ரிப்பேர் செய்யும் உரிமை"க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறை. அந்த வருஷம் டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், இதற்கான இணையதளமும் வந்தது. எந்தக் கம்பெனி என்ன ரிப்பேர் விவரம் தருகிறது என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் விவரம் கொடுப்பது வேறு, பத்து வருஷத்துக்குப் பாகம் கொடுத்தே ஆகணும் என்பது வேறு. அடுத்து, ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கு 2024ல் இன்னொரு குழு. அதன் அறிக்கை 2025 மே மாதம் வந்தது. முதல் கட்டத்தில் இருப்பவை ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும். வாஷிங் மெஷின் வரிசையில் பின்னால் நிற்கிறது.

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் 1 முதல் விதி வேறு. ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 வருஷம் முக்கியமான பாகங்கள் கிடைக்கணும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்பணும். பிரான்ஸ் அதே வருஷம் ஜனவரியிலிருந்து ஃபிரன்ட் லோடு மெஷின்மீது ரிப்பேர் மதிப்பெண்ணையே ஒட்டச் சொல்லிவிட்டது. கடையில் நட்சத்திரம் பார்த்து வாங்குகிற மாதிரி இதையும் பார்த்து வாங்க அப்போது வழி பிறந்தது.

நம்மிடம் பலமாக இருப்பது மறுசுழற்சிச் சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற கம்பெனிதான் பழைய பொருள் மறுசுழற்சிக்குப் போவதற்கும் பொறுப்பு. முதல் இரண்டு வருஷம் 60 சதவீத இலக்கு, அடுத்த இரண்டு வருஷம் 70, 2027-28 முதல் 80. இதற்கான சான்றிதழ் இப்போது தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகத்துக்குக் கிடைக்கிறது. மறுசுழற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தரணும் என்று அரசு சொன்னதை எதிர்த்து, சில பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். ஃபிரன்ட் லோடு மெஷின் சுமார் 65 கிலோ. மொத்த எடைக்கும் அந்த 22 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 1,430 ரூபாய். அந்த எடையிலும் கணிசமான பங்கு, மெஷின் குதிக்காமல் இருக்க வைக்கும் கான்க்ரீட் கட்டி. எங்கள் ஃபிளாட்டில் போன போர்டு மட்டுமே இதைவிடப் பல மடங்கு விலை. ஓடும் மெஷினுக்கு இருக்கும் மதிப்பு உருக்கினால் கிடைக்காது. ஆனால் சட்டத்தின் தராசில் ஏறுவது உலோகம்தான்.

விதியில் புதுப்பித்தலுக்கும் இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பதிவு செய்த புதுப்பிப்பாளர் ஒரு பொருளின் ஆயுளை நீட்டினால் கம்பெனியின் மறுசுழற்சிக் கடமை தள்ளிப்போகும், பின்னால் அதில் 75 சதவீதம்தான் கணக்கில் ஏறும். நல்ல சலுகை. ஆனால் குறுந்தொழில்கள் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. மயிலம் ரோட்டுக் கடைக்கு இதனால் கெடுபிடியும் இல்லை, கைகொடுப்பும் இல்லை. பழைய மெஷினை நிஜமாகவே ஓட வைக்கிற ஆள் காகிதத்தில் எங்கேயுமே இல்லை.

பழசு கரண்ட்டைத் தின்னாதா?

ஐரோப்பாவில் இது சரியான கேள்வி. அங்கே வெந்நீரில் துவைப்பார்கள், செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகும். நம்ம ஊரில் பெரும்பாலும் பச்சைத் தண்ணிதான். ஹீட்டர் இல்லாத செமியில் ஓடுவது சில நூறு வாட் மோட்டார், அதுவும் கொஞ்ச நேரம். அதனால் கரண்ட் பில்லுக்காக மட்டும் பழசைத் தூக்கிப் போடச் சொல்லும் விளம்பரத்தை நான் நம்பமாட்டேன். தண்ணீர் வேற கதை. செமியில் அலசும்போது குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் தண்ணி கணக்கில்லாமல் போகும். அது நம்ம கையில் இருக்கிறது.

பயப்பட வேண்டியது ஷாக்குக்குத்தான். பழைய வயரின் ரப்பர் வெடித்திருக்கும், பல வீட்டில் எர்த் வேலையே செய்யாது. வாங்கியதும் முதலில் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும், யூடியூப் பார்த்து அங்கே விரல் வைக்காதீர்கள். அடிப்பாகத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அல்லது ஸ்பின் சீல் கசிந்து மோட்டார்மேல் தண்ணி சொட்டிய தடம் இருந்தால், அந்த மெஷினைப் பாகத்துக்கு விட்டுவிடுவது நல்லது.

இந்த ரிப்பேர் பேச்சில் இன்னொரு ஊரும் வருகிறது. சேதராப்பட்டிலிருந்து அதிக தூரமில்லாத வானூர் தாலுகா குயிலாப்பாளையத்தில், டைசன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து தன்னார்வலராக இருந்தார் நவ்ஜோத் சாஹ்னி என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர். பக்கத்து வீட்டுப் பெண் கையால் துணி துவைத்துப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, கையால் சுற்றும் மெஷின் ஒன்றை வடிவமைத்தார். 2018ல் இதற்காகவே ஒரு அமைப்பு தொடங்கினார். மெஷினுக்கு அந்தப் பெண்ணின் பெயர்தான்: திவ்யா. ஈராக் அகதி முகாம்கள் வரை அது போயிருக்கிறது. 2023ல் அதற்குக் கைகொடுக்க வந்தது வேர்ல்பூல் அறக்கட்டளை. மோட்டார் இல்லை, போர்டு இல்லை, பிளக்கே இல்லை. கெட்டுப்போவதற்கு அதிகம் எதுவும் இல்லாத மெஷின்.

சித்தி வீட்டில் வேலை முடித்துக் கிளம்பும்போது மெக்கானிக் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "ஏம்மா, எப்பவாச்சும் இதக் குடுக்கறதா இருந்தா காயலான் கடையில போட்றாதீங்க, எங்கிட்ட சொல்லுங்க. இந்த டைமர் இப்பல்லாம் கிடைக்கிறதில்ல."

சித்தி சிரித்துக்கொண்டே ஊறவைத்த துணியை எடுத்து ஸ்பின்னில் போட்டார். "அதுக்கு இன்னும் நாள் இருக்குங்க."