மூன்று பென்னி வரியும் ஒரு விடுதலைப் போரும்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் இரவு, வாணவேடிக்கை காணப் பிள்ளைகளுடன் பூங்காக்களில் கூடுகிறோம். வார நாள்களில் அமெரிக்கப் பள்ளியில், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை நம் பிள்ளைகள் படிக்கின்றனர். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி மேடையில் கட்டபொம்மனாக வேடமிட்டு, வரி கேட்ட கம்பெனியாரை எதிர்த்து முழங்குகின்றனர். இவ்விரு கதைகளிலும் வருவது ஒரே கிழக்கிந்தியக் கம்பெனிதான் என்பதை எடுத்துச் சொல்லும் வாய்ப்பை நாம் பெரும்பாலும் நழுவ விடுகிறோம்.

வரிச்சுமை தாங்காமல் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் போரில் இறங்கின என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது நம் வழக்கம். வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிப்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும்.

பிரெஞ்சுக்காரருடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது, பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. குடியேற்ற நாடுகளைக் காத்த செலவில் ஒரு பங்கை அம்மக்களும் ஏற்க வேண்டும் என்று லண்டன் கருதியது. அதில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1764இல் வந்த சர்க்கரைச் சட்டம், வெல்லப்பாகின் மீதிருந்த வரியைக் காலனுக்கு 6 பென்னியிலிருந்து 3 பென்னியாகக் குறைக்கவே செய்தது. ஆனால் அதனைத் தவறாமல் வசூலிக்க முற்பட்டது. மறு ஆண்டு முத்திரைச் சட்டம் வந்தது. செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு, பகடைக்காய் ஆகிய எல்லாவற்றுக்கும் வரி. அவ்வாண்டு அக்டோபரில் ஒன்பது குடியேற்ற நாடுகளின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். 'லண்டன் நாடாளுமன்றத்தில் எங்கள் சார்பில் ஓர் உறுப்பினரும் இல்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே எங்கள் மீது வரி விதிக்கலாம்' என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

1766இல் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. மக்கள் மணியடித்துக் கொண்டாடினர். ஆனால் அதே நாளில், குடியேற்ற நாடுகளை எல்லா வகையிலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் மற்றொரு சட்டத்தையும் இயற்றியது. போரின் வித்து அந்த இரண்டாம் சட்டத்திலேயே ஊன்றப்பட்டது என்பது நம் கருத்து. வரி போயிற்று, வரி விதிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு அப்படியே நின்றது.

1767இல் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கண்ணாடி, காகிதம், ஈயம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றுக்கு வரி விதித்தார். மக்கள் பிரிட்டிஷ் பொருள்களை வாங்க மறுத்தனர். பெண்கள் ஒன்றுகூடி நூல் நூற்றனர். காந்தியடிகளின் கதர் இயக்கத்தை அறிந்த நமக்கு இக்காட்சி அயலானதன்று. 1770 மார்ச்சில் பாஸ்டன் வீதியில் படையினர் சுட்டு ஐவர் மாண்டனர். அவ்வாண்டே மற்ற வரிகள் நீக்கப்பட்டன. தேயிலை வரி மட்டும், உரிமையின் அடையாளமாக, விட்டுவைக்கப்பட்டது.

1773இல் நடந்ததுதான் நாம் உற்று நோக்க வேண்டியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் சீனத்துத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, அது நேரே அமெரிக்காவில் தேயிலை விற்கச் சலுகை தரப்பட்டது. கடத்தல் தேயிலையைவிட மலிவாக விற்க வழி பிறந்தது. பவுண்டுக்கு 3 பென்னி வரி மட்டும் நீடித்தது. மலிவு விலைத் தேயிலையைத்தான் அம்மக்கள் டிசம்பர் 16ஆம் நாள் இரவு 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினர்! தம் பிழைப்புக் கெடுமே என்று அஞ்சிய வணிகரும் கடத்தற்காரரும் அவர்களுக்குப் பின்னால் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதனால் கேள்வி பொய்யாகிவிடவில்லை: எம்மைக் கேளாமல் எம் பணத்தை எடுக்க நீ யார்?

லண்டன் விடை சொல்லவில்லை, தண்டித்தது. 1774இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடலாகாது என்று மாசசூசெட்ஸ் மக்களுக்குத் தடை வந்தது. வாயைக் கட்டிய பின் கைகள் பேசின. 1775 ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கிகள் வெடித்தன. அதன் பின்னரும், ஜூலையில், சமாதானம் வேண்டி மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விண்ணப்பம் அனுப்பினர். மன்னர் அதனைப் பெற்றுக்கொள்ளவே மறுத்தார். மறு ஆண்டு ஜூலையில் விடுதலைப் பிரகடனம் பிறந்தது. பத்தாண்டுக் காலம் மனுவும் மறுப்புமாகக் கழிந்த பிறகே அம்மக்கள் பிரிவை நாடினர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அதனுடன் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். உரிமை பேசிய அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாயிருந்தனர். நூல் நூற்ற பெண்களுக்கும், மண்ணின் பூர்வ குடிகளுக்கும் புதிய அரசில் குரல் இல்லை. 1781இல் யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ், 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக அமர்ந்தார். அங்கும் வரி கேட்கப்பட்டது. மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்டதும் அவ்வழியில் நேர்ந்ததே.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாமா? இன்றும் தலைநகர் வாஷிங்டனில் வாழ்வோர் வரி கட்டுகின்றனர்; காங்கிரசில் அவர்களுக்கு வாக்களிக்கும் உறுப்பினர் இல்லை. அக்குறையை 2000ஆம் ஆண்டு முதல் தம் கார்களின் எண் பலகையிலேயே பொறித்து ஓட்டுகின்றனர். கிரீன் கார்டுக்குக் காத்திருந்த ஆண்டுகளில் நாமும் வாக்கின்றி வரி கட்டியவர்களே. அப்போது நமக்குள் முணுமுணுத்தோம். குடியுரிமை பெற்ற பின்னர் என்ன செய்தோம்? பள்ளி வாரியத் தேர்தல் நாளன்று நம்மில் எத்தனை பேர் வாக்குச்சாவடி சென்றோம்? நகர மன்றக் கூட்டத்தில் எத்தனை முறை எழுந்து பேசினோம்?

ஒரு ஊர்க்கூட்டத்தைத் தடுத்ததற்காக அன்று ஒரு நாடே கொதித்தது. இன்று கதவு திறந்திருக்கும் கூட்டத்துக்கு நாம் போவதில்லை. மேடையில் வீரவசனம் பேசும் பிள்ளையை அடுத்த கூட்டத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். இரு பள்ளிகளிலும் அவர்கள் கற்ற பாடத்துக்கு அதுவே நாம் செய்யும் மரியாதை.