தீர்ப்புகளைத் திறந்துவைத்தவர்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், திருமுல்கேரியிற் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். சட்டக் கல்லூரிப் படிப்பை முடித்தவர். கணிப்பொறியிற் கைதேர்ந்த நண்பர் ஒருவர் அவருக்குத் துணை. இருவருமாகச் சேர்ந்து, சட்டத்தைக் கணிப்பொறியின் உதவியால் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் நிறுவனமொன்றை இந்நகரிலேயே தொடங்கப் போகின்றனராம். "அண்ணா, இது நடக்குமா? வீட்டில் அப்பா ரயில்வேப் பரீட்சை எழுது என்கிறார்" என்றார். அக்கேள்வியை ரயில்வே குமாஸ்தாவிடமே கேட்டதுதான் வேடிக்கை! விடையை இப்பகுதியில் எழுதுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

இத்துறையில் முன்னே நடந்து சென்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சுஷாந்த் சின்ஹா. அவர் வழக்கறிஞர் அல்லர்; கணிப்பொறி இயல் பயின்றவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், 2008ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், 'இந்தியன் கானூன்' என்னும் இணையதளத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பெங்களூருக்கு வந்து அங்கிருந்து அதனை நடத்தலானார். இந்திய உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் வழங்கிய தீர்ப்புகளை எவரும் காசின்றித் தேடிப் படிக்கலாம் என்பதே அதன் சிறப்பு.

இதில் என்ன அதிசயம் என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்கக்கூடும். தீர்ப்புகள் அதுவரை எங்கே இருந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1891இல் சென்னையில் மெட்ராஸ் லா ஜர்னல் தோன்றிய நாள் முதலாக, தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடுவது தனியார் பதிப்பகத்தாரின் பெருந்தொழிலாக வளர்ந்தது. அந்தக் கனத்த தொகுதிகள் பெரிய வக்கீல்களின் அலமாரியிலும் வழக்கறிஞர் சங்க நூலகத்திலும் பொன்னெழுத்து முதுகைக் காட்டி நின்றன. கட்சிக்காரர் அவற்றைத் தூரத்தே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தீர்ப்பு அவருடையதாக இருக்கும். அதைப் படிக்கும் வசதி வேறொருவருடையதாக இருக்கும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, நீதிமன்றம் தடை விதித்தாலன்றித் தீர்ப்புகளை எவரும் வெளியிடலாம் என்றே கூறுகிறது. ஆயினும் பதிப்பகத்தார் செப்பம் செய்த பதிப்பில் உரிமை எவ்வளவு, பொதுச்சொத்து எவ்வளவு என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. 2007 டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கூறியது. நீதிபதி எழுதிய மூலத் தீர்ப்பு பொதுமக்களுக்கு உரியது. பதிப்பாசிரியர் தம் அறிவால் சேர்த்த பகுதிகளுக்கு மட்டுமே அவர் உரிமை கோரலாம் என்பது அதன் சாரம். அதற்குப் பின் ஒரு மாதமும் ஆகுமுன் இந்தியன் கானூன் வெளிவந்ததைக் கவனியுங்கள். நல்ல நேரம் என்று ஜோசியர் சொல்லலாம். வழியில் முள் எடுக்கப்பட்டது என்று நான் சொல்லுவேன்.

சின்ஹாவின் தொழில் நுட்பமும் எளிதில் விளங்கக்கூடியதே. ஒரு தீர்ப்பில் இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு என்றோ, முந்தைய வழக்கொன்றின் பெயரோ வந்தால், கணிப்பொறி அதனைக் கண்டுகொண்டு அந்தச் சட்டத்துக்கும் வழக்குக்கும் வாயில் அமைத்துவிடும். எத்தனை தீர்ப்புகள் ஒன்றை எடுத்துக்காட்டியுள்ளன என்றும் எண்ணிக் கூறும். செலவுக்கு விளம்பர வருவாய் உண்டு. தீர்ப்புத் திரட்டைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் கட்டணமும் உண்டு. சாதாரண வாசகருக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது.

நிற்க. இதனால் நம் போன்ற குடும்பத்துக்கு என்ன பயன்? எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். யாவருக்கும் அவர் பெரியம்மா. ஆரணிப் பக்கத்துக் கிராமத்தவர். 1983இல் மணமுடித்து இங்கு வந்தவர். தாயார் முன்னமே மறைந்தார். தந்தையார் 2001இல் காலமானார். உடன்பிறந்தார் ஒரே தம்பி. பூர்வீக நிலத்தில் தமக்குப் பங்கு உண்டா என்று ஊரில் கேட்டபோது, "அப்பா 2005க்கு முன்பே இறந்துவிட்டார்; உனக்குக் கால் பங்குக்குமேல் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அதையே விதி என்று எண்ணியிருந்தார்.

ஊரார் சொன்னது முழுப் பொய்யன்று. 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் பங்குரிமை வந்தது. ஆனால் அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் ஆயம் கூறியது. தமிழ்நாடு 1989இலேயே மகளுக்கு உரிமை அளித்தது. ஆயின் அதற்குமுன் மணமானவரை அச்சட்டம் விலக்கியது. நாம் குடிவந்த ஆந்திரம் 1985 முதலே இதைச் செய்திருந்தது, விலக்கும் அவ்வாறே. பெரியம்மா எல்லாக் கதவிலும் மோதி நின்றவர்.

அவருடைய பேரன் ஒருநாள் மாலை கைபேசியில் தேடிக்கொண்டே போனான். 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கண்டான். அதை எடுத்துக்காட்டிய பிற்காலத் தீர்ப்புகளின் வரிசையில் 2020 ஆகஸ்டு 11ஆம் நாளது வினீதா சர்மா வழக்கையும் கண்டான். மூன்று நீதிபதிகள் அமர்ந்து, தந்தை அந்நாளில் உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று முந்தைய கருத்தை மாற்றிவிட்டனர். 2004 டிசம்பர் 20க்குமுன் பத்திரம் பதிந்தோ, நீதிமன்ற ஆணையாலோ நிலம் பாகமாகியிருந்தால் மட்டுமே அது கலைக்கப்படாது. இவர்கள் நிலம் இன்றுவரை பாகமாகவே இல்லை. கணக்குப் போட்டால் கால் பங்கு அரைப் பங்காகிறது. அக்காகிதத்தை எடுத்துக்கொண்டே பெரியம்மா வக்கீலைப் பார்க்கச் சென்றார். வழக்குத் தொடுத்தாரா என்றால் இல்லை. தம்பியோடு பேச்சு நடக்கிறது. முன்பு கெஞ்சிப் பேசியவர் இப்பொழுது உட்கார்ந்து பேசுகிறார்.

ஆயினும் இதே திறந்த கதவால் துன்பப்பட்டவரும் உண்டு. குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவர், தம் பெயர் இணையத்தில் தீர்ப்போடு நின்று வெளிநாட்டு வாழ்வுக்குத் தடையாகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2024 பிப்ரவரியில் அத்தீர்ப்பை நீக்குமாறு இந்தியன் கானூனுக்கு ஆணை பிறந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் வீடுகளுக்கு இரண்டு பக்கமும் புரியும். எனக்கு மட்டும் விடுதலையானவர் பெயரையாவது மறைத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

நம் இளைஞர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. வழக்கறிஞர் தம் தொழிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36ஆம் விதி. 2008இல் தந்த தளர்வும் பெயர், முகவரி, தகுதி முதலியவற்றை வெளியிட மட்டுமே இடந்தருகிறது. இணையக் கடைகளில் வக்கீல்களைப் பட்டியலிட்டு விற்பது போன்ற வழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 3ஆம் நாள் கடிந்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. ஆகவே வக்கீல் பிடித்துக்கொடுக்கும் தரகாக இத்தொழிலைத் தொடங்க வேண்டாம். செயற்கை அறிவையும் கண்மூடி நம்ப வேண்டாம். 2023இல் நியூயார்க்கில் அது கற்பனை செய்த வழக்குகளை நீதிமன்றத்தில் எடுத்துவைத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இடத்துக்குக் குறைவில்லை. ராயதுர்கத்தில் 2022இல் திறந்த டி-ஹப் கட்டடத்தில் இத்தகைய இளைஞர் கூட்டம் தேனீக்களைப் போல் மொய்க்கிறது. வேலைக்கும் குறைவில்லை. 2023 குடியரசு நாளில் உச்ச நீதிமன்றம் இந்திய மொழிகளில் வெளியிட்ட தீர்ப்புகளில் தமிழில் இருந்தவை 52, தெலுங்கில் 28. பெரியம்மாவின் பேரன் ஆங்கிலம் படித்தவன். பெரியம்மா படித்ததோ தமிழ் ஐந்தாம் வகுப்பு. அவரே படித்துப் புரிந்துகொள்ளும் வண்ணம் ஒரு தீர்ப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் சுருக்கித் தரட்டும், பார்க்கலாம்.

அவர் தந்தையாரிடமும் பேசினேன். ஓராண்டு பொறுப்பதாகவும், ஆனால் ரயில்வே விண்ணப்பத்தையும் போட்டுவைக்க வேண்டுமென்றும் சொன்னார். இளைஞர் இரண்டுக்கும் இசைந்துவிட்டார். வரும் இரண்டாம் ஞாயிறு மாலை சங்க அறையில் அவ்விரு நண்பர்களும் இருப்பார்கள். பாகப்பிரிவினை, குடும்ப ஓய்வூதியம் முதலிய ஐயமுடையோர் பழைய பத்திரங்களின் நகலோடு வரலாம். அசலைக் கொண்டுவர வேண்டாம்.