ஆயிரத்துக்கு ஒரு படைப்பிரிவு

கையடக்க கேம் கருவிகளில் வந்த போர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் 'அட்வான்ஸ் வார்ஸ்' பெயர் வராமல் போகாது. ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கி, நின்டெண்டோ வெளியிட்ட விளையாட்டு இது. 1988ல் ஜப்பானில் மட்டும் வந்த 'ஃபாமிகாம் வார்ஸ்' தான் இதற்கு மூத்த அண்ணன். கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்காக 2001ல் வந்த இந்த விளையாட்டில்தான் அந்த வரிசை முதன்முதலில் ஜப்பானைத் தாண்டியது.

பார்க்க பொம்மைக் கடை மாதிரி இருக்கும். குட்டி குட்டி டாங்கிகள், சிரித்த முகத்தோடு தளபதிகள், பளிச்சென்ற வண்ணங்கள். சதுரங்கம் போல ஒருவர் நகர்த்தி முடித்த பிறகு அடுத்தவர் நகர்த்த வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அதனால் "சின்னப் பசங்க விளையாட்டு" என்று ஒதுக்குபவர்களும் உண்டு, "போரை விளையாட்டாக்கலாமா?" என்று கோபிப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே அதன் கணக்கைக் கவனிப்பதில்லை.

கணக்கு இதுதான். கையில் இருக்கும் ஒவ்வொரு நகரமும் நாளொன்றுக்கு 1000 வருமானம் தரும். ஒரு காலாட்படைப் பிரிவின் விலையும் அதே 1000. டாங்கிக்கு 7000, பீரங்கிக்கு 6000, குண்டு வீசும் விமானத்துக்கு 22000. முழு பலத்தோடு (அதாவது 10) இருக்கும் காலாட்படை ஒரு நகரத்தைப் பிடிக்க இரண்டு நாள் ஆகும். பிடித்து விட்டால் அந்த நகரத்தின் ஒரு நாள் வருமானத்திலேயே போட்ட முதல் திரும்பி விடும். இவ்வளவு நல்ல முதலீடு எந்த பாடப்புத்தகத்திலும் கிடைக்காது!

ஆட்டம் பழகியவர்கள் செய்யும் ஒரு வேலையைப் பாருங்கள். பீரங்கி தூரத்திலிருந்து மட்டுமே சுடும், பக்கத்தில் யாராவது வந்து விட்டால் பதிலடி கொடுக்க முடியாது. எனவே அதற்கு முன்னால் ஒரு காலாட்படையை நிறுத்துவார்கள். எதிரியின் டாங்கி வந்து அந்தக் காலாட்படையை அடிக்கும், பத்தில் சுமார் ஏழு போகும். அடுத்த முறை பீரங்கி அந்த டாங்கியை அடிக்கும், பத்தில் சுமார் ஆறு போகும். இதைப் பேரேட்டில் எழுதினால் நமக்கு நட்டம் 700, எதிரிக்கு நட்டம் 4200. அருமையான வியாபாரம். அந்த 700 என்பது முன்னால் நின்ற ஆட்கள் என்பது மட்டும் பேரேட்டில் தெரியாது.

இன்னும் இருக்கிறது. அடிபட்ட பிரிவு தன் நகரத்தில் ஒரு இரவு தங்கினால் 2 பலம் திரும்பும், அதற்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். காலாட்படை என்றால் 200. அடிபட்ட இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்க்கவும் செய்யலாம். கூட்டினால் பத்துக்கு மேல் போகிறதா? மீதி ஆட்கள் பணமாக மாறி கஜானாவுக்குத் திரும்பி விடுவார்கள்! 2003ல் வந்த இரண்டாம் பாகத்தில் காலின் என்று ஒரு பணக்காரத் தளபதி. அவனுடைய படைகளுக்கு விலையில் 20 சதவீதம் தள்ளுபடி, பலமும் கொஞ்சம் குறைவு. கான்பெய் என்ற தளபதிக்கு விலை 20 சதவீதம் அதிகம், பலமும் அதிகம். ஆக, ஒரே காலாட்படை ஒருவனிடம் 800, இன்னொருவனிடம் 1200.

"சதுரங்கத்திலும் சிப்பாயைப் பலி கொடுக்கிறோமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சதுரங்கத்தில் சிப்பாய்க்கு விலைச்சீட்டு இல்லை, பிடிப்பதற்கு ஊரும் இல்லை. இங்கே ஊர் உண்டு. ஒரே நகரம் ஐந்து முறை கைமாறினாலும் ஆறாவது முறை பிடித்தவனுக்கும் அதே 1000 தருகிறது. அங்கே கடை வைத்தவன் என்ன ஆனான், யார் ஊரை விட்டுப் போனார்கள் என்ற கேள்வியே எழாது. ஆட்டம் முடிந்ததும் வேகம், பலம், நுட்பம் என்று மூன்று மதிப்பெண் போடுவார்கள். தன் படையை நிறைய இழந்தவனுக்கு நுட்பத்தில் மதிப்பெண் குறையும். இழப்புக்கு இருக்கும் ஒரே பத்தி அது. அதிலும் ஊர் மக்கள் இல்லை.

கணக்குப்பதிவியலில் முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று பண மதிப்பீட்டுக் கருத்து. பணத்தால் அளக்க முடியாத எதுவும் ஏட்டில் ஏறாது. வியாபாரத்துக்கு அது வசதி. போருக்கும் அதையே வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த விளையாட்டு, தெரிந்தோ தெரியாமலோ, காட்டுகிறது.

வெளியில் நிஜப் போர் வந்தபோது மட்டும் இந்த பொம்மைகள் சங்கடமாகி விட்டன. அமெரிக்காவில் இது வெளியானது 2001 செப்டம்பர் 10. மறுநாள் நியூயார்க் தாக்குதல். ஜப்பான் வெளியீடு தள்ளிப்போய், 2004 நவம்பரில்தான் இரண்டு பாகங்களும் ஒரே கேசட்டில் வந்தன. இரண்டு பாகங்களையும் புதுப்பித்து 2022 ஏப்ரலில் ஸ்விட்ச் கருவிக்கு வெளியிட இருந்தார்கள். பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, நின்டெண்டோ வெளியீட்டை நிறுத்தி வைத்தது. கடைசியில் 2023 ஏப்ரல் 21ல் வந்தது. அப்போதும் அங்கே போர் நின்றிருக்கவில்லை.

தள்ளி வைத்தது நாகரிகம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனால் விளையாட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை. காலாட்படையின் விலை 2001லும் 1000, 2023லும் 1000.

அதனால் விளையாட வேண்டாமா? தாராளமாக விளையாடலாம். யோசிக்க வைக்கும் விளையாட்டுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் பீரங்கிக்கு முன்னால் அந்த ஆயிரத்துப் பிரிவை நிறுத்தும்போது ஒரு வினாடி கை தயங்கினால் நல்லது. நிஜத்திலும் இப்படிக் கணக்குப் போடுபவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தியில் "இழப்பு குறைவு" என்று வாசிக்கும்போது, யாருடைய ஏட்டில் குறைவு என்று கேட்கத் தோன்றினால், இந்தச் சின்ன கேம் நிறையவே கற்றுக் கொடுத்து விட்டது என்று அர்த்தம்.