இருதயம் தேறிய பின்

மாரடைப்பினின்று பிழைத்து வீடு திரும்பியவரைக் காணச் செல்லும்போது, நம் பெருமுக்கல் பகுதிக் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "டாக்டர் எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டார் சாமி. இவர்தான் வாயே திறக்கிறதில்லை. சோற்றைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கிறார்." அக்கம்பக்கத்தார் இதற்குப் பயம் என்று பெயரிடுவர், சிலர் சோம்பல் என்பர். உயிர் கொடுத்த இறைவனுக்கு நன்றியில்லை என்று உபதேசிப்போரும் உண்டு. அது புண்ணில் உப்பிடுவதாகும்.

அன்பர்களே, இது பெரும்பாலும் மனச்சோர்வு என்னும் நோய். மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவரை இது கடுமையாகப் பற்றுகிறது. இத்தகையோர் முதல் ஆறு மாதங்களில் இறக்கும் அபாயம் மிகுதி என்பதைக் கனடாவின் மான்றியல் நகர ஆய்வாளர்கள் 1993-இல் எடுத்துக்காட்டினர். மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், நடக்க மறுக்கிறார், விட்ட பீடியை மீண்டும் எடுக்கிறார்.

இதனைக் கண்டறிய ஊசியும் வேண்டா, கருவியும் வேண்டா. இருதய நோயாளரிடம் முதலில் இரண்டு வினாக்களைக் கேட்குமாறு அமெரிக்க இருதயச் சங்கம் 2008-இல் பரிந்துரைத்தது. சென்ற இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீரா? மனம் தளர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தீரா? ஆம் எனில், ஒன்பது வினாக்கள் கொண்ட பட்டியலால் மேலும் விசாரிப்பர். அவற்றுள் கடைசி வினா, செத்துப்போவதே மேல் என்ற எண்ணம் உண்டா என்பது. கேட்பதால் அவ்வெண்ணம் முளைத்துவிடும் என்று அஞ்ச வேண்டா, முளைக்காது. ஆனால் மகனும் மருமகளும் சுற்றி நிற்கையில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றே விடை வரும். தனியே கேட்கப்பட வேண்டும்.

சிகிச்சையால் ஆயுள் நீளுமா? 2003-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில் சோர்வு குறைந்தது. ஆயுள் நீண்டதாகத் தெரியவில்லை. இதைக் காட்டிச் சோதனையே வீண் என்பாருமுளர். நமக்கு அது ஒப்பில்லை. துயரம் தணிவது சிறிய பயனா?

ஒன்று மட்டும் கவனிக்க: சோர்வுக்கான பழைய மருந்துகளுட் சில இருதயத்துக்கு ஆகா. செர்ட்ராலின் போன்றவை மாரடைப்பு நோயாளருக்கும் ஏற்றவை என 2002-இல் தெரியவந்தது. ஆதலால் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்க வேண்டா. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுவை ஜிப்மருக்கோ மறு பரிசோதனைக்குச் செல்லும்போது, உறக்கத்தையும் பசியையும் மௌனத்தையும் பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரமெனில் 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.