மலைக்கு வேறு பல், சமவெளிக்கு வேறு பல்

இலக்கியம் பேசும் இடத்தில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஓரியின் கொல்லியைச் சங்கப் பாடல்களில் படித்து மகிழும் நாம், அம்மலையில் இன்று வாழ்வோர் அன்றாடம் எப்படிப் போய்வருகிறார்கள் என்பதையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

கியர் வண்டியை ஒற்றை வேக வண்டியாக மாற்றிக்கொள்வதில் நன்மை உண்டு: பழுது குறையும், பராமரிப்பும் எளிது. கடினமான முடிவு ஒன்றே: எத்தனை பல்? 26 அங்குலச் சக்கரத்திற்கு முன்னால் 32 பல், பின்னால் 16 பல் என்பது பலரும் சொல்லும் கணக்கு. பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 4.1 மீட்டர் நகரும். வாழவந்தி நாட்டின் ஏறி இறங்கும் சாலைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது என்பதே நமது கருத்து.

பின்பக்கம் 20 பல் வைத்தால் நகர்வு 3.3 மீட்டராகக் குறையும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது 12 ஆகும். இழப்பு அவ்வளவுதான். ஏற்றத்தில் காலுக்கு வேண்டிய விசையோ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூட்டு வலிக்காமல் ஏறிப்போவதா, இறங்கித் தள்ளுவதா என்பதை அந்த நான்கு பற்களே தீர்மானிக்கக்கூடும்.

இதில் இழிவு ஏதுமில்லை. தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937இல்தான் கியர் மாற்றும் கருவிக்கு இடம் கிடைத்தது. அதுவரை பெரும் வீரர்களும் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கத்துப் பெரிய பற்சக்கரத்தால் ஏறினார்கள்.

இறக்கத்தில் கால் வீணாகச் சுழலுமே என்பார்கள். ஃப்ரீவீல் இருக்கையில் இறக்கத்தில் மிதிக்கவே தேவையில்லை. அங்கே வேலை பிரேக்குக்குத்தான். ஃப்ரீவீல் இல்லாத வண்டியை மலைக்குப் பரிந்துரைப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கேற்ற பல்லை வைத்தால், மேலே உள்ள சமதளத்தில் வண்டி நத்தையாகிவிடும். அந்த ஏற்றத்திற்குப் பேருந்து இருக்கிறது. நாள்தோறும் போகும் வழியின் மிகச் செங்குத்தான மேட்டையும், வண்டியில் வைக்கும் சுமையையும் கொண்டே பல்லைத் தேர்க. ஊரார் சொல்லும் எண்ணைவிட, அந்த மேடு சொல்லும் எண்ணே சரியானது.