கழித்த பேட்டரியும் காலித் தோம்பும்

தோட்டங்களில் வீசி எறியப்படும் பொருள்களைக் கொண்டு நம்மவர்கள் வீட்டில் செய்துவரும் கைவேலைகளைப் பற்றி இவ்விதழில் எழுத முற்படுகிறோம். சம்பளப் பேச்சு, வீட்டுப் பிரச்சினை, ஆட்குறைப்பு என்று எழுத வேண்டிய காரியங்கள் குவிந்து கிடக்கையில், காலித் தோம்பையும் பழைய பேட்டரியையும் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று சில தோழர்கள் நினைக்கலாம். பொறுமையுடன் படித்துவிட்டு முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். நம் பிள்ளைகளின் மூளையும், பால் வெட்டுகிறவரின் மணிக்கட்டும் இதில் அடங்கியிருக்கின்றன.

கையில் கிடைத்ததைக் கொண்டு காரியம் பார்த்துக்கொள்ளும் திறமையை இகழ்வது நம் நோக்கமன்று. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வாளியாக்கி, பால் டின்னைத் திரி விளக்காக்கிக் குடும்பம் நடத்தியவர்கள் நம் முன்னோர். கடையில் வாங்கக் காசில்லாதவர் கையால் செய்துகொண்டார். இன்றும் ஞாயிற்றுக்கிழமையில் லயத்துப் பின்புறம் போய்ப் பாருங்கள்: தோம்பை அறுத்துச் செய்த அடுப்பு, மருந்து வந்த கேனில் குடிதண்ணீர், பழைய கூரைத் தகட்டில் கோழிக்கூண்டு, வீச்சு வலைக்கு உருக்கி வார்த்த ஈயக் குண்டு. வேலை மெச்சத்தக்கதுதான். எதைக் கொண்டு செய்தார்கள் என்பதே நம் கவலை.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். லோரியிலும் காரிலும் போடுகிற பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். தகடுகளைப் பிரித்தெடுத்து, பழைய சட்டியில் போட்டு, விறகு மூட்டினால் உருகிவிடுகிறது. 327 டிகிரி சூடு போதும். சாதாரண விறகுத் தீயே அதற்கு மேல் எரியும். அச்சில் ஊற்றினால் வலைக்குக் குண்டு ஆயிற்று. மீதியைப் பழைய சாமான்காரரிடம் நிறுத்துப் போட்டால் கைச்செலவுக்குச் சில வெள்ளி. பார்வைக்கு இதில் கெடுதல் எதுவும் தெரியாது. வாடை அதிகமில்லை, கண் எரிச்சல் இல்லை, வேலை செய்தவர் மறுநாள் வழக்கம்போல் பெரட்டுக்குப் போகிறார். அபாயமே இங்கேதான் இருக்கிறது.

உருகும் ஈயத்திலிருந்து எழும் புகையும், தகடுகளின்மேல் படிந்திருக்கும் தூளும் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகின்றன. மற்றது கொல்லை மண்ணிலும், காயும் துணியிலும், வாசற்படியிலும் படிகிறது. ஈயம் மக்கிப் போகும் பொருளல்ல; ஒருமுறை மண்ணில் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அந்த மண்ணில் தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கிறது. பெரியவர் உடம்பைக் காட்டிலும் குழந்தையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம் ஏறும். சத்துக் குறைவு எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிட வேண்டும். தமிழில் நாம் இரண்டு உலோகங்களை ஈயம் என்கிறோம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயலம்பங்களில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயத்தில் செய்ததே. கலப்பில்லாத வெள்ளீயத்தால் அப்படிக் கெடுதல் இல்லை. பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் ஒரே நிறத்தில் மின்னும், இரண்டும் எளிதில் உருகும். "ஈயச் சொம்பில் ரசம் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்று ஒருவர் வாதாடினால், அவர் வேறொரு உலோகத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று அறியவும். ஓட்டைப் பாத்திரத்தைப் பேட்டரி ஈயத்தால் அடைத்துச் சமையலுக்குத் தருகிற கைவேலைக்காரருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இது வெறும் பயமுறுத்தலா? மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டக்காருக்கு அருகில் தியாரோய் என்ற ஊர் இருக்கிறது. நம்மைப் போன்ற ஏழை மக்கள் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயத்தின் விலை ஏறியபோது, ஈயத்தூள் கலந்த மண்ணைக்கூட மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அவ்வூரில் 18 குழந்தைகள் வலிப்பு கண்டு மாண்டன. உலக சுகாதார நிறுவனத்தார் வந்து பிள்ளைகளும் பெரியவர்களுமாக 81 பேரைச் சோதித்தார்கள். அத்தனை பேர் உடம்பிலும் ஈய நஞ்சு ஏறியிருந்தது. சலித்த தாய்மார்கள் பிழைப்புக்காகச் சலித்தார்கள்; குழந்தைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

அமெரிக்காவும் இதற்கு விலக்கல்ல. பொருளாதார மந்தத்தின்போது, 1932இல், பால்டிமோர் நகரத்து ஏழைகள் பழைய பேட்டரிப் பெட்டிகளை விறகுக்குப் பதிலாக அடுப்பில் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். அங்கும் குழந்தைகளைத்தான் ஈயம் முதலில் பிடித்தது. நாடு எதுவாயினும், ஏழை வீட்டு அடுப்பங்கரைக்குத்தான் இந்த நஞ்சு வருகிறது.

சாவு வரையில் போகாவிட்டாலும் தீமை குறைவல்ல. இந்த அளவு ஈயம் உடம்பில் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்குப் பசி மந்தம், வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, எரிச்சல் குணம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாது. ஆசிரியர் மக்குப் பிள்ளை என்பார். அந்தப் பட்டத்துக்கு அடியில் கொல்லையில் உருக்கிய ஈயம் இருக்கலாம் என்பது பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கேடு. நெடுநாள் ஏறினால் மணிக்கட்டின் நரம்பு தளர்ந்து கை தொங்கிப்போவதும் உண்டு. பட்டை காயப்படாமல் உளியைப் பிடித்து இழுக்க மணிக்கட்டு ஒன்றுதானே நமக்கு மூலதனம்! ஈயம் எலும்பிலும் போய்த் தங்குகிறது. அப்படித் தங்கியது, பெண் கருவுற்ற காலத்தில் எலும்பை விட்டு இரத்தத்தில் இறங்கி வயிற்றுப் பிள்ளையையும் சேர்கிறது.

ஆகவே பேட்டரி உருக்குவதை அடியோடு நிறுத்த வேண்டும். கொல்லையின் மூலையில் செய்தால் பரவாயில்லை, மூக்கில் துணி கட்டிக்கொண்டால் பரவாயில்லை என்பதெல்லாம் பேச்சுக்கு உதவாது. முன்பே உருக்கிய இடம் இருந்தால், அங்கே துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்ப வேண்டாம். வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கோழியும் கீரையும் அங்கே வளர்க்க வேண்டாம். பிள்ளைகளை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது, வீட்டில் ஈயம் உருக்கினோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் இரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனைக்கு எழுதுவார். சாதாரணச் சோதனையில் அது தெரியாது.

அடுத்தது மருந்துத் தோம்பு. புல்லைச் சாகடிக்கும் நஞ்சை மருந்து என்றே அழைத்துப் பழகிவிட்டோம்; இந்தப் பெயரே பாதிப் பயத்தைப் போக்கிவிட்டது. மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் லாலான் புல்லுக்குச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள், பாஷாணம் அது. 1960களில் பாராகுவாட் வந்தது. கிரமக்சோன் என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். ஒரு மடக்கு உள்ளே போனாலும் நுரையீரல் கட்டிப்போகும். மாற்று மருந்து கிடையாது. 2002இல் அதற்குத் தடை விதித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தார்கள். தடை வந்தது, ஆனால் அது வந்த கேன்கள் எங்கே போயின? ஒவ்வொரு தோழரும் தம் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் கேனைத் திருப்பிப் பார்த்து இக்கேள்விக்கு விடை காணட்டும்.

"மூன்று முறை கழுவிவிட்டோம், வாடையே இல்லை" என்கிறார்கள். காலிக் கேனை மூன்று தரம் அலசச் சொல்வது அதைக் கழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய முறை. வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. பிளாஸ்டிக் நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு தண்ணீரிலும் எண்ணெயிலும் சிறுகச் சிறுக விடும். அலசிய தண்ணீரை ஓடையில் கொட்டினால் அங்கே மீன் பிடிக்கிறவர் யார்? பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் வந்த கேனையும் இக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணெயோ தின்னரோ இருந்த தோம்பை மூடியோடு வைத்துக் கிரைண்டராலோ காஸ் தீயாலோ அறுக்காதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி பற்றினால் தோம்பு வெடிகுண்டாகும். காலித் தோம்பு நிறைந்த தோம்பைவிடப் பொல்லாதது. செம்புக்காக வயர் எரிப்பவர்கள் சுவாசிக்கும் கறுப்புப் புகை நுரையீரலை அரிக்கும் நஞ்சு. பழைய லயங்களைப் பிரிக்கையில் கிடைக்கும் அஸ்பெஸ்டாஸ் தகட்டை ரம்பம் போட்டு அறுத்துக் கோழிக்கூண்டு கட்டாதீர்கள். அந்தத் தூசியின் நோய் இருபது முப்பது ஆண்டு கழித்து வரும்; அப்போது காரணம் சொல்ல ஆள் இருக்காது.

தொழிலாளிக்குப் புத்தி சொன்னதோடு நிறுத்திக்கொண்டால், நிர்வாகங்கள் இத்தலையங்கத்தை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இந்தச் சாமான்கள் தொழிலாளியின் கைக்கு எப்படி வந்தன? ஸ்டோரின் பின்புறம் திறந்த வெளியில் போட்டு வைத்தால், எடுத்துப் போகச் சொல்வதற்கு அது சமமே. சில இடங்களில் காலித் தோம்பைத் தொழிலாளிக்குக் கொடுப்பதை ஒரு சலுகையைப் போலக் காட்டுகிறார்கள். குப்பை அகற்றும் செலவு மிச்சம், நல்ல பெயரும் கிடைக்கிறது!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி, பூச்சிக்கொல்லியும் இரசாயனமும் ஒட்டிய காலிக் கலன்கள் எஸ்.டபிள்யூ. 409, கழித்த ஈய பேட்டரி எஸ்.டபிள்யூ. 102. இவை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டியவை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமோ, இரசாயனங்களைக் கையாள்வதிலும் வைத்துக் காப்பதிலும் உள்ள ஆபத்தை நீக்கும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. உங்கள் தோட்டத்தில் அக்குழு எப்போது கூடியது?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வராத லயத்தில்தான் தோம்பு அதிகம். குழாயில் நாள்தோறும் நீர் வந்தால் மருந்துக் கேனைத் தேடி ஒருவரும் போக மாட்டார். தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய தண்ணீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் கூறுகிறது. அதைச் செய்யாமல் "கேனை உபயோகிக்காதே" என்று மட்டும் பலகை தொங்கவிடுவது கபட நாடகம்.

சொக்சோ இருக்கிறது என்ற தைரியமும் இங்கே உதவாது. வேலையின் காரணமாக வந்த நோய் என்று நிலைநாட்டினால்தான் தொழில் நோய்க்கு ஈடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் ஈயம் உருக்கி வந்த நோயை எந்த வேலையின் கணக்கில் எழுதுவது?

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டோர்ப் புத்தகம் நம் கையில் இருக்கிறது. எத்தனை கேன் மருந்து வந்தது, எந்தக் கட்டுக்கு எவ்வளவு போயிற்று என்று சொட்டுக்கணக்கில் எழுதுகிறோம். காலியாகத் திரும்பிய கேன் எத்தனை என்பதற்குப் பத்தி இல்லாவிட்டால் நாமே ஒரு கோடு போட்டுப் பத்தி உண்டாக்கலாம். துரையின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்துப் போய் ஏழு திரும்பினால், மூன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடுவதற்கு அதுவே ஆதாரம். லோரி பேட்டரிக்கும் இப்படியே கணக்கு வேண்டும்.

இப்போது லயங்களில் இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் குடியிருக்கிறார்கள். நம்மவர் காலி செய்த வீட்டில் விட்டுப்போன கேனைத்தான் அவர்கள் எடுத்துப் புழங்குகிறார்கள். தமிழ்ப் பத்திரிகையில் எழுதுவது அவர்களுக்கு எட்டாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் மலாயிலே நாலு வார்த்தை சொல்வது நம் கடமை.

வரும் கிளைக் கூட்டங்களில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவருமாறு கிளைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். காலி மருந்துக் கலன்களை அலசித் துளையிட்டு, பூட்டிய கொட்டகையில் வைத்து, உரிமக்காரரிடம் நிர்வாகமே அனுப்ப வேண்டும். வீடுகளில் இப்போது இருக்கும் மருந்துக் கேன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாகத் தண்ணீர் பிடிக்கப் புதிய கேன் இலவசமாகத் தர வேண்டும்; திருப்பித் தருகிறவர்மீது திருட்டுக் குற்றம் சாட்டக் கூடாது. பேட்டரி உருக்கிய லயங்களில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு இரத்தச் சோதனை செய்ய ஏற்பாடும், அந்த நாளைக்குப் பெற்றோருக்குச் சம்பளமும் கிடைக்க வேண்டும். தீர்மானத்தின் நகலையும், நிர்வாகம் கொடுத்த பதிலையும் தலைமையகத்துக்கு அனுப்பி வையுங்கள். பதிலே வராத தோட்டங்களின் பெயரையும் எழுதுங்கள்.